யாமெல் கோப்பில் 10:30 என்று எழுதினால் 630 என்று வாசிக்கிறது, போன் நம்பரும் மாறுகிறது: உதவி தேவை

எருவில் பையன்
வணக்கம். களுவாஞ்சிக்குடியில் நான் படித்த ரியூசன் வகுப்புக்கு ஒரு சின்னப் பைதன் புரோகிராம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வகுப்பு நேரம் மாறினாலோ நின்றாலோ பெற்றோருக்கு எஸ்எம்எஸ் போகும். நேரமும் நம்பர்களும் ஒரு யாமெல் கோப்பில் (விவரங்களை வரி வரியாக எழுதி வைக்கும் எளிய எழுத்துக் கோப்பு) இருக்கின்றன. அதைப் பைதனுக்கான பையாமெல் நூலகத்தின் சேஃப்_லோட் கட்டளை மூலம் வாசிக்கிறேன்.

06:30 வகுப்பு சரியாக வருகிறது. 10:30 வகுப்பு 630 ஆகிவிடுகிறது. 43 நம்பர்களில் 9 வேறு எண்ணாக மாறுகின்றன. முன்னாலுள்ள பூச்சியம் விழுந்துவிட்டது என்று நினைத்து நானே ஒன்று சேர்த்துப் பார்த்தேன். அப்போதும் அது அந்தப் பெற்றோரின் நம்பர் இல்லை.

போன கிழமை மழைக்கு வகுப்பை நிறுத்தினோம். அந்த ஒன்பதில் ஒரு பிள்ளை மண்டூரிலிருந்து பாதை (வாவியைக் கடக்கும் மிதவை) ஏறி வந்து, பூட்டிய கேற்றடியில் நனைந்துகொண்டு நின்றிருக்கிறது. அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனம் சரியில்லை.

மருதமுனைத் தறி
அந்த வரிகளை அப்படியே போடுங்கள் தம்பி. நம்பர்களின் கடைசி இலக்கங்களை மறைத்துவிடுங்கள், அவை பெற்றோருடையவை. மாறியவை எப்படித் தொடங்குகின்றன?

எருவில் பையன்

    நேரம்: 10:30
    போன்: 077…

077 நம்பர் மாறும்போதெல்லாம் 13 இல் தொடங்கும் ஒன்பது இலக்கமாக வருகிறது. ஆனால் எல்லா 077 நம்பரும் மாறவில்லை. அதுதான் குழப்பம்.

பாடுமீன்
அந்த 13 தான் விடை தம்பி. மாறிய ஒன்பதையும் எடுத்துப் பாருங்கள், ஒன்றிலும் 8 உம் இருக்காது, 9 உம் இருக்காது.

பையாமெல் பின்பற்றுவது 2005 இல் வந்த யாமெல் 1.1 பதிப்பின் விதிகளை. அதில் பூச்சியத்தில் தொடங்கி 0 முதல் 7 வரையான இலக்கங்கள் மட்டும் இருந்தால், அது எண்ம எண், ஓ.எல். ஐசிடி (கணினி) பாடத்தில் படித்த அதே எட்டடி எண். 8 அல்லது 9 இருந்தால் எண்ம எண்ணாக முடியாது, அதனால் எழுத்தாகவே விட்டுவிடும். நம் மட்டக்களப்பின் 065 ஐ மட்டும் எழுதி வாசித்துப் பாருங்கள், 53 வரும் (ஆறு எட்டு, அதோடு 5). அம்பாறையின் 063 க்கு 51, கல்முனையின் 067 க்கு 55.

நேரத்துக்கும் இதே கதைதான். 1.1 இல் 10:30 என்பது அறுபதடி எண்: பத்து அறுபது, அதோடு 30, மொத்தம் 630. 06:30 பூச்சியத்தில் தொடங்குவதால் அந்த வடிவத்துக்குள் வராமல் தப்பிவிடுகிறது. காலை வகுப்பு சரியாக வந்ததால்தான் இவ்வளவு நாள் உங்களுக்குப் பிடிபடவில்லை.

இரண்டையும் மேற்கோள் குறிக்குள் போடுங்கள்:

    நேரம்: "10:30"
    போன்: "077…"

மருதமுனைத் தறி
யாமெல் 1.2 ஐ வாசிக்கும் ருவாமெல் நூலகத்துக்கு மாறினால் மேற்கோள் குறி இல்லாமலே போகாதா?

பாடுமீன்
நேரம் சரியாகும், நம்பர் சரியாகாது. 2009 இல் வந்த 1.2 அறுபதடி எண்ணை எடுத்துவிட்டது. எண்ம எண் என்றால் 0ஓ (பூச்சியம், பிறகு ஆங்கில ஓ எழுத்து) என்று தொடங்க வேண்டும் என்றாக்கியது. ஆனால் அதன் விதிப்படி 065 சாதாரண 65. பூச்சியம் போய்விடும். போன் நம்பரைக் கூட்டிக் கழிக்கப் போவதில்லையே, அது எழுத்தாகவே இருக்கட்டும்.

எருவில் பையன்
நன்றி அண்ணா, ஒன்பதிலும் 8 உம் இல்லை, 9 உம் இல்லை! ஆனால் கோப்பைத் திருத்துவது சேர்தான், நோட்பேடில். அவர் மேற்கோள் குறியை மறந்துவிடுவார்.

பாடுமீன்
அப்படியென்றால் சேஃப்_லோட்டை விட்டுவிட்டு, பையாமெலின் லோட் கட்டளைக்குப் பேஸ்லோடர் என்ற வாசிப்பானைக் கொடுங்கள். அது எதையும் ஊகிக்காது, எல்லாவற்றையும் எழுத்தாகவே தரும். வாசித்த பிறகு ஒவ்வொரு நம்பரும் பூச்சியத்தில் தொடங்கும் பத்து இலக்கமா என்று பாருங்கள். இல்லையென்றால் எந்தப் பிள்ளையின் வரி என்று சொல்லி புரோகிராம் நிற்க வேண்டும். பிழையான நம்பருக்கு அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது.

எருவில் பையன்
போட்டேன். 43 உம் சரி. ஆனால் "அனுப்பு: நோ" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்த வகுப்புக்கும் எஸ்எம்எஸ் போய்விட்டது.

பாடுமீன்
நான் முதலே சொல்லியிருக்க வேண்டும். முன்பு அந்த நோவைப் பையாமெல் பொய் என்று மாற்றித் தந்தது. இப்போது அது வெறும் எழுத்து. வெறுமையில்லாத எழுத்து பைதனுக்கு உண்மைதான். எஸ், நோ இரண்டையும் நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டுமில்லாத சொல் வந்தால் அங்கேயும் நிறுத்துங்கள்.

எருவில் பையன்
சரியாகிவிட்டது அண்ணா. மண்டூர்ப் பிள்ளையின் வீட்டுக்குத்தான் முதலில் அனுப்பினேன். போன் எடுத்துக் கேட்டேன். "வந்திட்டு மகன்" என்றார் அந்த அம்மா.