'க்ளோஸ்'னு ஒரே வார்த்தை, பாப்பாவுக்கு எப்படி சொல்லிக் குடுக்கறது?

வணக்கங்க, நாங்க கேரளாவுல கொழிஞ்சாம்பாறை பக்கம், பாப்பா ஏழாவது படிக்கறா. இங்கிலீஷ் டெஸ்ட்ல 'க்ளோஸ் மேட்ச்'சுக்கு 'இழுபறியா போன மேட்ச்'னு எழுதாம 'முடிஞ்சுபோன மேட்ச்'னு எழுதிட்டா, சிவப்பு மையில பெருசா சுழிச்சிருந்தாங்க, ராத்திரி சரியா சாப்பிடவே இல்லைங்க. கதவச் சாத்தறதும் க்ளோஸ், பக்கத்துல இருக்கறதும் க்ளோஸ், உசுருக்கு உசுரான சிநேகிதியும் க்ளோஸ், 'க்ளோஸ் டு 50'ன்னா கிட்டத்தட்ட 50, பாவம் புள்ள என்ன பண்ணும். சாத்தறதுக்கு மட்டும் கடைசி சத்தத்த வண்டு ரீங்காரம் மாதிரி அதிர வெச்சு சொல்லணும்னு சொல்லிக் குடுத்தேன், ஆனா எழுத்து ரெண்டுக்கும் ஒண்ணுதானே. மலையாளத்துல 'அடுத்து'ன்னா பக்கத்துல, நம்ம தமிழ்ல 'அப்புறம்'னு அர்த்தம் வருதுல்ல, அத வெச்சு சொன்னப்பதான் கொஞ்சம் மொகம் தெளிஞ்சுது. டீச்சருங்க யாராச்சும் இருந்தா ஒவ்வொரு அர்த்தத்துக்கும் ரெண்டு ரெண்டு வாக்கியம் போடுங்க, திங்கக்கெழம மறுபடி டெஸ்ட்டுங்க.