புரோமின்–கார்பன் டை ஆக்சைடு லேசர்: பச்சை உள்ள போகுது, இன்ஃப்ராரெட் வெளிய வரல

லேப்வாசி:
மூணு வாரமா மண்டை காயுது, யாராச்சும் பாத்து சொல்லுங்க. குழாய்ல புரோமினும் கார்பன் டை ஆக்சைடும் நிரப்பி, அதிர்வெண்ணை டபுள் பண்ண யாக் லேசரோட 532 நானோமீட்டர் பல்ஸை உள்ள விடறேன். புரோமின் உடைஞ்சு கிளர்ந்த (எனர்ஜி ஏறின) அணு வரும், அது மோதி எனர்ஜியை கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுக்குக் கைமாத்தும், 10 மைக்ரான் பக்கம் லேசர் அடிக்கும், கிரேட்டிங்கை (அலைநீளத்தைப் பிரிக்கற கோடு போட்ட தட்டு) திருப்பி வேணுங்கற லைனை, அதாவது அலைநீளத்தை, எடுத்துக்கலாம்னு கணக்கு. பச்சையை ஓரளவு நல்லாவே உறிஞ்சுது, மீட்டர்ல தெரியுது. ஆனா டிடெக்டர்ல ஒரு பொட்டு சிக்னல் இல்ல. மிரர் திருகுல விரலே தேஞ்சு போச்சு.

உப்புக்கண்ணாடி:
ஜன்னல் சோடியம் குளோரைடா? ஈரம் பட்டா மங்கிடும், டார்ச் அடிச்சுப் பாருங்க.

லேப்வாசி:
பாத்தாச்சு, பளபளன்னு இருக்கு.

குவாண்டம் மாமா:
தம்பி, மிரரை விடு, உன் போட்டான் கையில காசு பத்தல. புரோமினை உடைக்கவே 15,895 போயிடும் (எல்லாம் செ.மீ.⁻¹ங்கற எனர்ஜி அலகுல), ஒரு அணுவைக் கிளப்ப இன்னும் 3,685. கூட்டினா 19,580, அதாவது 510 நானோமீட்டர் சுமார். உன் பச்சை வெறும் 18,797. மூலக்கூறு உடையும், ஆனா ரெண்டு அணுவும் சாதா நிலையிலதான் விழும், அதான் உறிஞ்சியும் ஒண்ணும் வரல. 480 நானோமீட்டர் பக்கம் போ. அணு மட்டும் கிளம்பிட்டா மீதி சுலபம், கார்பன் டை ஆக்சைடுல 3,715ல ஒரு நிலை ரெடியா இருக்கு, குறையற 30ஐ அறை வெப்பமே போட்டுக் கொடுத்துடும்.

லேப்வாசி:
யப்பா! கூமரின் டை லேசரை (சாயத்துல ஓடற லேசர்) 480ல வச்சதும் அடிச்சிருச்சு மாமா. ஆனா கிரேட்டிங் திருப்பினா சீரா நகராம விட்டு விட்டு வருது, அரை மணில படுத்துடுது.

குவாண்டம் மாமா:
விட்டு விட்டு வர்றது கோளாறு இல்ல. குறைஞ்ச அழுத்தத்துல சுழற்சி லைன் ஒவ்வொண்ணும் தனியா நிக்கும், பி கிளைங்கற லைன் வரிசையில ஏறக்குறைய 1.8 செ.மீ.⁻¹ இடைவெளி. அந்த லைனெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டணும்னா பத்து அட்மாஸ்பியர் கிட்ட ஏத்தணும், கண்ணாடிக் குழாய்ல அந்த ஆசையே வேணாம். படுக்கறதுக்கு ஈரத்தைத்தான் சந்தேகப்படறேன். தண்ணியோட அதிர்வு 3,657லயும் 3,756லயும் இருக்கு, உன் 3,685க்கு ரெண்டு பக்கமும் வழிப்பறிக்காரன் நிக்கற மாதிரி, அணுவோட எனர்ஜியைத் தண்ணியே புடுங்கிக்கும்.

உப்புக்கண்ணாடி:
குழாயை அடைக்கற வளையம் ரப்பர் ஓ-ரிங்னா புரோமின் தின்னுடும், அங்கதான் காத்து ஏறும். ஃபியூம் ஹூட்ல (நச்சுப்புகை உறிஞ்சற பெட்டி) வச்சுக் கழட்டுங்க.

லேப்வாசி:
அதேதான். ரிங் வெடிச்சுப் பிசுபிசுன்னு கிளவுஸ்ல மை மாதிரி ஒட்டுச்சு. புரோமினைத் தாங்கற வைட்டான் ரிங் போட்டு, வாயுவை உலர்த்தி நிரப்பினேன். காலைல போட்டது மதியம் தாண்டியும் அடிக்குது.