சர்க்குலர் ரீசனிங்கா, வெறும் அனுமானமா?

தேர்வுக்காலம்:
லாஜிக்கல் ரீசனிங்கில் ‘வாதத்தின் குறை எது’ வகைக் கேள்விகள். இரண்டு வாதம்:

(அ) "இந்த விமர்சகர் நடுநிலையானவர்தான்; அவர் எழுத்தில் சார்பே கிடையாதே. சில இடங்களில் இருப்பதுபோல் படலாம். ஆனால் நடுநிலையான ஒருவர் எழுத்தில் சார்பு எப்படி வரும்?"

(ஆ) "இந்த மருந்துக்குப் பக்கவிளைவு இல்லை. சோதனையில் சாப்பிட்ட ஒருவரும் எந்தத் தொந்தரவும் சொல்லவில்லை."

விடைக்குறிப்பில் (அ) மட்டும்தான் சர்க்குலர், அதாவது நிறுவ வேண்டிய முடிவையே காரணமாக வைக்கும் வாதம். (ஆ)-வும் ஒன்றைக் கேட்காமலே ஏற்றுக்கொள்கிறதே?

கறார்வாத்தியார்:
எதை ஏற்றுக்கொள்கிறது என்று பாருங்கள். (ஆ) சொல்லாமல் விட்டது, ‘தொந்தரவு இருந்திருந்தால் சொல்லியிருப்பார்கள்’ என்பதை. அது முடிவு அல்ல. காரணத்துக்கும் முடிவுக்கும் நடுவில் உள்ள ஓட்டை. பலவீனமான வாதம் எதிலும் இப்படி ஒன்று இருக்கும். அதையெல்லாம் சர்க்குலர் என்றால் வேறு குறைகளுக்கு வேலையே இல்லை.

முடிவை நம்பாத ஒருவரை எதிரே உட்கார வையுங்கள். மாணவர்களிடம் நான் ஓயாமல் சொல்வது இதுதான். ‘ஒருவரும் சொல்லவில்லை’ என்றால் அவர் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, ‘சரி, அதனால் என்ன?’ என்பார். காரணத்தை ஒப்புக்கொண்டுதான் சண்டைக்கு வருகிறார். (அ)-வில் காரணத்தையே ஒப்ப மாட்டார். ‘சார்பு இல்லையா? இந்தப் பத்தி என்னவாம்?’ என்று விரல் வைத்துக் காட்டுவார். கிடைக்கும் பதில்: ‘எழுதியவர் நடுநிலையானவர், அதனால் அது சார்பாக இருக்காது.’ முடிவே வந்து காரணத்துக்கு முட்டுக்கொடுக்கிறது.

இன்னொன்று, பலர் கவனிப்பதில்லை. முடிவையே காரணமாகத் திருப்பிச் சொல்லும் அப்பட்டமான சர்க்குலர் வாதத்தில், காரணம் உண்மையானால் முடிவும் கட்டாயம் உண்மை. ஆகவே ‘காரணம் சரியாக இருந்தும் முடிவு தவறாகலாம்’ என்ற ஆப்ஷன் அங்கே ஒட்டாது. (ஆ)-வுக்குத்தான் ஒட்டும்.

எல்சாட் (அமெரிக்க சட்டக் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வு) எழுதுபவரா? 2024 ஆகஸ்டிலிருந்து அதில் லாஜிக் கேம்ஸ் (நிபந்தனைகளை வைத்து வரிசை, குழு அமைக்கும் புதிர்கள்) கிடையாது. மதிப்பெண்ணுக்கு இரண்டு லாஜிக்கல் ரீசனிங் பகுதி. ‘எதை நிறுவ வந்ததோ அதையே முன்கூட்டி ஏற்கிறது’ என்ற ஆப்ஷன் அங்கே பெரும்பாலும் தூண்டில்தான். பார்த்ததும் பாயாதீர்கள்.

நியாயப்பித்தன்:
நியாய சாஸ்திரத்தில் இதற்குத் தனித்தனிப் பெயரே உண்டு. தன்னையே பற்றி நின்றால் ஆன்மாச்சிரயம், இரண்டு ஒன்றையொன்று பற்றினால் அன்னியோன்னியாச்சிரயம், மூன்றாவதைச் சுற்றிக்கொண்டு திரும்பினால் சக்கரகம். விமர்சகர் வாதம் இரண்டாவது ரகம்.

தேர்வுக்காலம்:
நன்றி சார். தொடக்கத்தில் ‘இந்தப் பாலம் பாதுகாப்பானதல்ல’, கடைசியில் ‘ஆகவே இதில் போவது ஆபத்து’ என்று வந்தால்?

கறார்வாத்தியார்:
நடுவில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ‘தூணில் விரிசல்’ என்று ஒரு வரி இருந்தால், முடிவை இரண்டு தடவை அழுத்திச் சொல்கிறார், அவ்வளவுதான். அந்த இரண்டு வரியையும் பென்சிலால் அடித்துவிடுங்கள். விரிசல் மிஞ்சுகிறதா, சர்க்குலர் ஆப்ஷனைத் தள்ளுங்கள். ஒன்றுமே மிஞ்சவில்லையா, அதையே டிக் செய்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.