மறையூர் வரை மலைச்சாலை: 3 வயதுப் பிள்ளை தாங்குமா?

வணக்கம். நாங்கள் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு எங்காவது ஒரே இடத்தில் தங்கி, அவசரமில்லாமல் இருந்துவிட்டு வர ஆசை. மகளுக்கு 3 வயது, கூட மாமியாரும் வருகிறார்.

சிக்கல் இதுதான்: கொண்டை ஊசி வளைவு ஆரம்பித்ததும் பாப்பா முகம் வெளுத்து, கொட்டாவி விட்டு, வியர்த்து வாந்தி எடுத்துவிடுகிறாள். சமவெளியில் எவ்வளவு தூரம் போனாலும் ஒன்றும் ஆவதில்லை. கோடையில் ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறினோம். மொத்தம் 40 வளைவு, பாதியிலேயே திரும்பிவிட்டோம். பிள்ளை அப்படித் துவண்டதை இன்னொரு முறை பார்க்க எனக்குத் தெம்பில்லை.

வண்டி வேகன்ஆர். கிளம்பும் முன் அரை இட்லிதான் கொடுக்கிறோம், ஜன்னலைத் திறந்து வைக்கிறோம், போன் காட்டுவதே இல்லை. விடியற்காலையில் தூக்கத்தோடு தூக்கிப் போட்டும் கிளம்பிப் பார்த்தாயிற்று. டாக்டர் எழுதிய சிரப்பில் வாந்தி குறைந்தது, ஆனால் நாள் முழுக்கத் தூங்கி வழிந்தாள்.

மலம்புழா பக்கத்திலேயே, பலமுறை பார்த்ததுதான். ஆலப்புழைக்கு ரயிலிலேயே போகலாம், சரி. படகு வீட்டில் ஓடியாடும் பிள்ளையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்தால் அது ஓய்வா?

அதனால் மூணாறு வரை ஏறாமல், உடுமலை, சின்னார் காடு வழியாகப் போய், மூணாறுக்கு முன்பே வரும் மறையூரிலேயே தங்க நினைக்கிறோம். கரும்புக்காடு, வெல்லம் காய்ச்சும் ஆலை, முனியறைகள் என்கிற பழங்காலக் கல்லறைகள் எல்லாம் பார்க்கலாம். தமிழும் பேசுவார்கள், மாமியாருக்கு நிம்மதி. காட்டுவழியை இரவில் அடைத்துவிடுவதால் பகலில்தான் போவோம்.

சின்னப் பிள்ளையோடு இந்த வழியில் போனவர்கள் சொல்லுங்கள்: சின்னாரிலிருந்து மறையூர் வரை வளைவுகள் வால்பாறைச் சாலை அளவுக்கு நெருக்கமாக இருக்குமா?