900 யூனிட் ஓடும் வீட்டுக்கு எத்தனை கிலோவாட் சோலார்? மொட்டைமாடியில் சின்னக் காற்றாலையும் வைக்கலாமா?

கம்பம்_ரோடு:
வணக்கம். வீடு தேனி மாவட்டம், சின்னமனூர் பக்கம். இரண்டு மாத பில் சராசரி 900 யூனிட், கோடையில் 1,100. ஒன்றரை டன் ஏசி ஒன்று, சாதா ஃபேன் 5, கீசர், அரை ஹெச்பி மோட்டார். ஈபி கார்டில் லோடு 3 கிலோவாட்.

ஒரு விற்பனையாளர் 5 கிலோவாட் ஆன்கிரிட் (பேட்டரி இல்லாமல் ஈபி லைனோடு சேர்ந்து ஓடுவது) போட்டால் பில் பூஜ்யம் என்கிறார். 3.10 லட்சம், அதில் மானியம் 78,000 கழியும். கூடவே "உங்க ஊர்ல காத்து பிச்சுக்கிட்டு அடிக்குது" என்று மாடிக்கு 1 கிலோவாட் காற்றாலை ஒன்று, 90,000. இரண்டும் சேர்ந்தால் கரண்ட் போனாலும் வீடு ஓடுமாம். கணக்கு சரியா?

கணக்குப்பிள்ளை:
சார், பில்லை பூஜ்யமாக்குவது வேறு, போட்ட காசை எடுப்பது வேறு. நம்ம ஊரில் மின்கட்டணம் படிக்கட்டு மாதிரி ஏறுவதால், நீங்கள் குறைக்கும் முதல் யூனிட்டுக்கும் கடைசி யூனிட்டுக்கும் ஒரே விலை இல்லை.

2024 ஜூலை கட்டணப்படி, 500 யூனிட்டைத் தாண்டிய வீட்டுக்கு முதல் 100 இலவசம். 400 வரை 4.70, 500 வரை 6.30, 600 வரை 8.40, 800 வரை 9.45, 1,000 வரை 10.50, அதற்கு மேல் 11.55. 500-க்குள் நின்றால் 101 முதல் 200 வரை வெறும் 2.35. அதனால் 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய். 501 ஆனால் 2,048. அந்த ஒரே யூனிட்டின் விலை 243 ரூபாய்!

உங்கள் 900 யூனிட்டுக்கு பில் 5,820. வெயில், தூசி, மழைமாதம் எல்லாம் கழித்து ஒரு கிலோவாட் பேனல் இரண்டு மாதத்துக்கு 225 யூனிட் தரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நெட் மீட்டரில் வாங்கியதில் கொடுத்தது கழிந்து மிச்சத்துக்குத்தான் ஸ்லாப் போடுவார்கள். அப்படியானால்:

1 கிலோவாட்: பில் 3,589
2 கிலோவாட்: 1,490
3 கிலோவாட்: 352
4 கிலோவாட்: 0

முதல் கிலோவாட் 2,231 ரூபாயும் இரண்டாவது 2,099 ரூபாயும் மிச்சம் பிடிக்கின்றன. மூன்றாவது 1,138. நான்காவது 352. ஐந்தாவது சராசரி மாதத்தில் ஒன்றுமே இல்லை. மிஞ்சும் யூனிட் அடுத்த பில்லுக்குப் போய்க் கோடையில் கொஞ்சம் கைகொடுக்கும், அவ்வளவுதான்.

இனி முதலீடு. மத்திய அரசின் பிஎம் சூர்யகர் திட்ட மானியம் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000. அதற்கு மேல் எத்தனை போட்டாலும் 78,000 தான். கிலோவாட்டுக்கு 2 கிலோவாட் என்றால் 67,500, 3 கிலோவாட் என்றால் 65,000 என்று வைத்தால், 2 கிலோவாட் மானியம் போக 75,000. ஆண்டு மிச்சம் 26,000, மூன்று வருடத்துக்குள் போட்ட காசு வந்துவிடும். மூன்றாவது கிலோவாட்டுக்குக் கூடுதலாக 42,000 கொடுத்து ஆண்டுக்கு 6,800 எடுக்கிறீர்கள், ஆறு வருடம். நான்காவது 60,000-க்கு மேல் விழுங்கிவிட்டு ஆண்டுக்கு 2,100 தரும். அதைத்தான் அந்த விற்பனையாளர் உங்கள் தலையில் கட்டப் பார்க்கிறார்.

இதற்கெல்லாம் முன்னால் அந்த 5 ஃபேனை மாற்றுங்கள். சாதா ஃபேன் 75 வாட், பிஎல்டிசி (கரண்ட் குறைவாக இழுக்கும் புதுவகை மோட்டார்) ஃபேன் 30 வாட். தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 162 யூனிட் குறையும். அவை 10.50-லும் 9.45-லும் இருக்கிற யூனிட்டுகள், ஆகவே பில்லுக்கு 1,636 ரூபாய் மிச்சம். செலவு 15,000. எந்த பேனலும் ஒன்றரை வருடத்தில் காசைத் திருப்பித் தராது, இது தரும். ஃபேன் + 2 கிலோவாட் என்றால் 90,000 முதலீட்டில் பில் 650-க்கு வந்துவிடும்.

இதைப் படிக்கிற 400 யூனிட் வீட்டுக்காரர்களுக்கு: உங்கள் பில்லே 1,175 தான். முழுதாக மிச்சம் பிடித்தாலும் ஆண்டுக்கு 7,050. அவசரம் வேண்டாம்.

முப்பந்தல்_காத்து:
காத்தாடி விஷயத்துக்கு வர்றேன். 1 கிலோவாட்னு லேபிள்ல போட்டிருக்கறது நொடிக்கு 12 மீட்டர் வேகத்துல. காத்தோட சக்தி வேகத்தோட மும்மடிக்கு ஏறும், இறங்கும். 2 மீட்டர் விட்டம் உள்ள இறக்கைக்குப் பரப்பு 3.14 சதுர மீட்டர். வேகம் 4 மீட்டர்னா அதுல வர்ற மொத்த சக்தியே 120 வாட். சின்ன மெஷின் கால்வாசி பிடிச்சாலே பெரிசு. 30 வாட் ஆச்சா? காத்து ஏறி இறங்கும்போது கொஞ்சம் கூடக் கிடைக்கும்னு டபுளாக்கினாலும் நாளைக்கு ஒண்ணரை யூனிட் தேறாது. 90,000 கொடுத்து வாங்குற அந்த யூனிட்டை ஒரே ஒரு 540 வாட் பேனல் தாண்டிடும்.

பெரிய காத்தாலை ஓடுது, நமக்கு ஓடாதான்னு கேப்பாங்க. இப்ப வர்ற பெரிய காத்தாலையோட தலை 80 மீட்டருக்கு மேல நிக்குது. வீட்டு மாடியில வர்றது பக்கத்து வீடு, தென்னை, பாராபெட் எல்லாத்துலயும் அடிபட்டுச் சுழிச்சு வர்ற காத்து. சுத்துப்பட்டு 150 மீட்டருக்குள்ள இருக்கிற எதைவிடவும் 9, 10 மீட்டர் உயரத்துல வச்சாத்தான் சீரான காத்து கிடைக்கும். அந்த உயரத்துக்குக் கம்பம், ஸ்டே கம்பி, அஸ்திவாரம் போட்டா மெஷின் விலைக்குப் பக்கத்துல போயிடும். தூணை நேரா மாடித் தளத்துல போல்ட் பண்ணினா அதிர்வு கட்டடத்துல இறங்கும், ராத்திரி கீழ் ரூம்ல உறுமல் கேக்கும். உங்க பக்கம் தென்மேற்குப் பருவ மாசங்கள்லதான் பலமான காத்து. ஐப்பசி, கார்த்திகையில காத்தாடி பெரும்பாலும் சும்மா நிக்கும்.

வயரிங்_பாண்டி:
"கரண்ட் போனாலும் ஓடும்" என்பது ஆன்கிரிட்டுக்குப் பொய். லைனில் கரண்ட் நின்றதும் இன்வெர்ட்டரும் நின்றுவிடும். மின்கம்பத்தில் ஏறி வேலை பார்ப்பவர் மேல் கரண்ட் பாயக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. மின்வெட்டுக்கு ஓட வேண்டுமானால் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் (லைனோடும் பேட்டரியோடும் ஓடுவது) லித்தியம் பேட்டரியும் வேண்டும், விலை எங்கேயோ போகும். லைட், ஃபேனுக்கு 150 ஏஹெச் டியூபுலர் பேட்டரியோடு சாதாரண யுபிஎஸ் போதும். ஆன்கிரிட் இன்வெர்ட்டரை யுபிஎஸ் அவுட்புட் பக்கம் மட்டும் கோர்க்க விடாதீர்கள், யுபிஎஸ் போய்விடும்.

வேலை செய்யும்போது கண் வைக்க வேண்டியவை:

கிராமத்து லைனில் மதியம் வோல்டேஜ் 250-க்கு மேல் நிற்கும். 260 வாக்கில் இன்வெர்ட்டர் கழன்றுகொள்ளும், நல்ல வெயில் நேரத்தில் உற்பத்தி போச்சு. எந்த அளவில் கழலும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். மாடியிலிருந்து மீட்டருக்கு மெல்லிய கேபிள் இழுத்தால் நிலைமை இன்னும் மோசம். 3 கிலோவாட்டுக்கு 13 ஆம்பியர். 30 மீட்டர் தூரம் 4 சதுர மிமீ காப்பர் போட்டால் மூன்றரை வோல்ட் ஏறும், 10 சதுர மிமீ போட்டால் ஒன்றரைக்குள் அடங்கும். கொட்டேஷனில் கேபிள் அளவை எழுதி வாங்குங்கள். முதலில் ஒரு வாரம் மதியம் 12 மணிக்கு வோல்டேஜ் பார்த்துக் குறித்து வையுங்கள். 255-க்கு மேல் போனால் ஈபி ஆபீஸில் டிரான்ஸ்ஃபார்மர் டேப் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் இணைப்பு) மாற்றச் சொல்லி மனு கொடுத்த பிறகு பேனல் வாங்கலாம்.

டிசி பக்கம், அதாவது பேனல் முதல் இன்வெர்ட்டர் வரை, ஒயரைக் கோர்க்கும் எம்சி4 கனெக்டர் ஆண், பெண் இரண்டும் ஒரே கம்பெனியாக இருக்கட்டும். வேறு வேறு கம்பெனி என்றால் மாட்டும்போது பொருந்தியது போலத்தான் இருக்கும். தொடர்பு சரியாக உட்காராமல் சூடேறி ஒருநாள் உருகி ஒட்டிக்கொள்ளும். எர்த் குழி மூன்று: இடிதாங்கிக்கு ஒன்று, டிசி பக்கத்துக்கு ஒன்று, இன்வெர்ட்டருக்கு அப்புறம் வரும் ஏசி கரண்ட் பக்கத்துக்கு ஒன்று. காசு மிச்சம் என்று ஒன்றாகச் சேர்த்தால் இடி விழும்போது இன்வெர்ட்டர்தான் வாங்கும்.

பேனலைத் தாங்கும் ஸ்ட்ரக்சருக்காகத் தளத்தில் துளை போட விடாதீர்கள், தளம் ஒழுகும். மேலே கான்கிரீட் பீடம் ஊற்றி அதில் நட்டு வையுங்கள். தெற்குப் பார்த்து 10 டிகிரி சாய்வு போதும். வாட்டர் டேங்க் நிழல் காலை 9 முதல் மாலை 4 வரை எந்தப் பேனலிலும் விழக்கூடாது. மார்கழியில் நிழல் நீளும், அப்போதைய கணக்கைப் பாருங்கள். போர் தண்ணீரில் கழுவிக் காய விட்டால் உப்பு படியும். விடியற்காலையில் கழுவி வைப்பரால் இழுத்துவிடுங்கள்.

கம்பம்_ரோடு:
நன்றி சார்களே. காற்றாலை வேண்டாம். ஃபேன் நாளைக்கே. 2 கிலோவாட் போதும் என்றால் கோடையில் 1,100 ஓடும்போது என்ன ஆகும்?

கணக்குப்பிள்ளை:
ஃபேனில் 162, பேனலில் 450 போனால் 488 நிற்கும், பில் 1,730 வரும். 500 என்ற கோட்டுக்கு 12 யூனிட் இந்தப் பக்கம். ஏசியை 24-ல் வைக்கிற வீடா, 18-ல் வைக்கிற வீடா என்று உங்களுக்குத்தான் தெரியும். இரண்டாவது ஏசியோ மின்சார ஸ்கூட்டரோ ஓரிரு வருடத்தில் வரும் என்றால் 3 கிலோவாட்டாகவே போட்டுவிடுங்கள். ஸ்கூட்டர் தினம் 40 கிமீ ஓடினாலே இரண்டு மாதத்துக்கு 80, 90 யூனிட் இழுக்கும்.