புதுப்பிப்பு: சிக்னல் இல்லாத மலைப் பள்ளியில் கியூஆர் பாடங்கள்

ஏற்காடு பக்கம் எங்கள் பள்ளியில் சிக்னல் நிற்பதில்லை, பாடநூலில் உள்ள கியூஆர் கோடுகளை வகுப்பில் எப்படிப் பயன்படுத்துவது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

சேலத்துக்கு இறங்கும்போதே, கோடுகள் காட்டும் காணொளிகளை அரசின் பாடச் செயலியான திக்ஷாவில் டவுன்லோடு செய்துவிடுங்கள் என்றீர்களே, அதுதான் கைகொடுத்தது. இணையம் இல்லாமலே ஓடுகிறது. 2018 புதிய பாடநூல்களிலிருந்து அச்சில் இருக்கும் கோடுகள் இப்போதுதான் எங்கள் பிள்ளைகளுக்கு உதவுகின்றன.

ஆனால் காணொளியைவிட எனக்குப் பிடித்துப்போனது ஃபெட் (PhET) சிமுலேஷன், அதாவது கணினித் திரையிலேயே செய்து பார்க்கும் அறிவியல் சோதனை. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது, இலவசம். கோப்பாக இறக்கி வைத்தால் பள்ளியின் பழைய லேப்டாப்பிலும் இயங்குகிறது. மின்சுற்றுப் பாடத்துக்கு அதைத்தான் எடுத்தேன். பல்புகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வழியில் இருக்கும் தொடரிணைப்பில் ஒரு பல்பைக் கழற்றினால் மற்றவை என்ன ஆகும்? முதலில் ஊகித்து நோட்டில் எழுதச் சொன்னேன், அப்புறம்தான் திரையைத் தொட விட்டேன். எல்லாம் அணைந்ததும் ஒரே சத்தம்! ஒவ்வொரு பல்புக்கும் தனி வழி இருக்கும் பக்க இணைப்பில் மற்றவை எரிந்துகொண்டே இருந்தபோது, "ஏன் சார்?" என்று அவர்களே கேட்டார்கள். அந்தக் கேள்வி வராவிட்டால் திரை வெறும் வேடிக்கைதான். பிறகு நிஜ பேட்டரி, ஒயர், சின்ன பல்பு வைத்து அதையே செய்து பார்த்தோம். இந்தக் கடைசிப் படியைத் தயவுசெய்து யாரும் விட்டுவிடாதீர்கள்.

கரண்ட் போனால் புரொஜெக்டர் நின்றுவிடுகிறது, அதற்கு வழி கிடைக்கவில்லை. பேட்டரியில் ஓடும் சின்ன புரொஜெக்டரை வகுப்பில் வைத்திருப்பவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.