ஹாலோவீன் ஸ்லைம்: சொல்யூஷன் ஊற்றியும் சேரவில்லை, ஏன்?

கேள்வி:
31ஆம் தேதி ஹாலோவீனுக்குப் பிள்ளைகளை வைத்து பச்சை ஸ்லைம் (கொழகொழவென்று இழுத்து விளையாடுவது) செய்யலாம் என்றிருக்கிறோம். ஆறு பேர், கடைக்குட்டிக்கு 3 வயது. 118 மில்லி வெள்ளை க்ளூவில் கான்டாக்ட் லென்ஸ் கழுவும் சொல்யூஷன் 2 டேபிள்ஸ்பூன் ஊற்றியும் மோர் மாதிரி நீர்க்கவே இருக்கிறது. எங்கே தப்பு?

பதில் 1:
பாட்டிலின் பின்பக்கம் பாருங்க. போரிக் ஆசிட், சோடியம் போரேட் இரண்டும் எழுதியிருக்கணும். க்ளூவில் இருக்கிற நீளமான பிவிஏ (க்ளூவின் பிசின்) இழைகளை முடிச்சுப் போட்டுப் பிணைப்பது போரேட்தான். அது இல்லாத வெறும் உப்புத்தண்ணி சலைனை ஊற்ற ஊற்ற இன்னும் நீர்க்கும், அவ்வளவுதான். ஹைட்ரஜன் பெராக்சைடு வகையும் உதவாது.

பேக்கிங் சோடாவை விட்டுட்டீங்களே? அந்தக் காரம் சேர்ந்தால்தான் பிணைப்பு ஒழுங்காகப் பிடிக்கும். 118 மில்லிக்கு அரை டீஸ்பூன், ஃபுட் கலர் 4 சொட்டு. கட்டியில்லாமல் கலக்கிய பிறகு சொல்யூஷன் 1 டேபிள்ஸ்பூன். கிளறும்போது கிண்ணத்தின் ஓரத்தை விட்டுச் சுருண்டு வரும். உடனே கையில் எடுத்து 3 நிமிஷம் பிசையணும். முதலில் விரலெல்லாம் இழை இழையாக ஒட்டும். பிசையப் பிசைய விட்டுவிடும். அதைப் பார்த்துப் பயந்து மேலே மேலே ஊற்றினால் இழுக்கும்போதே ரப்பர் மாதிரி அறுந்துபோகும். அப்புறமும் ஒட்டினால் சில சொட்டு சொல்யூஷனை உள்ளங்கையில் தடவிக்கிட்டுப் பிசையுங்க.

பதில் 2:
3 வயதுக் குழந்தை எதையும் வாயில் வைக்கும். அதற்குப் போரேட் சேர்த்தது வேண்டவே வேண்டாம், உள்ளே போடும் பிளாஸ்டிக் சிலந்தியும் வேண்டாம். கார்ன்ஸ்டார்ச் 2 கப், தண்ணீர் 1 கப், தனிக் கிண்ணத்தில் கொடுங்க. குத்தினால் கெட்டி, விட்டால் ஒழுகும். மிச்சத்தை சிங்க்கில் கொட்டாதீங்க, அடியில் படிந்து குழாய் அடைக்கும். காயவிட்டுக் குப்பையில் போடுங்க.

கேட்டவர்:
பாட்டிலில் போரேட் இல்லை, வெறும் சலைன்தான். இன்னொன்று: கண்ணாடி மாதிரி தெளிவாக வருமா? கார்பெட்டில் ஒட்டினால்?

பதில் 1:
தெளிவுக்கு க்ளியர் க்ளூ வாங்கணும். பிசைந்ததும் காற்றுக்குமிழ் நிறைந்து மங்கலாகத் தெரியும். மூடிய டப்பாவில் 2, 3 நாள் அசைக்காமல் வைத்தால் குமிழ் மேலே ஏறி உடைந்து தெளியும். அதனால் 28ஆம் தேதியே செய்துடுங்க.

கார்பெட்டில் வெள்ளை வினிகர் ஊற்றி 10 நிமிஷம் ஊறவிடுங்க. அமிலம் பட்டதும் அந்தப் பிணைப்பு விட்டுப்போய்த் திரும்பக் க்ளூவாகிடும், வெந்நீர்த் துணியால் ஒற்றி எடுக்கலாம். நிறம் போகுமா என்று முதலில் ஒரு மூலையில் சோதித்துப் பாருங்க.